பழைய யூனோஸ் ரோட்ஸ்டர்: காலி வீதி நெரிசலில் சூடேறவில்லை, அதிவேக வீதியில் கொதிக்கிறது. எங்கே தேடுவது?

கூரையில்லாதவன், வெள்ளவத்தை
ஞாயிறு, இரவு 9.20

என்னிடம் இருப்பது 1991 ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர். மற்ற நாடுகளில் மஸ்டா எம்எக்ஸ்-5 என்றார்கள், ஜப்பானில் யூனோஸ் என்ற பெயரில் விற்றார்கள். கார் ஒன்றுதான். 1.6 லீற்றர் இஞ்சின், ஐந்து கியர், சிவப்பு, இரண்டே இருக்கை. 2019 இல் வாங்கினேன். "ரெண்டு பிள்ளையையும் எங்கை இருத்தப் போறியள்?" என்று மாமனார் அன்றைக்குக் கேட்டதை இன்றைக்கும் கேட்கிறார். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களின் விலை ஏறியதால் வீட்டில் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. இப்போது அந்த மரியாதை நீராவியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

பிரச்சினை இதுதான். வேலை முடிந்து வரும்போது பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் அரை மணி நேரம் ஊர்ந்தாலும் சூட்டு முள் பாதிக்குக் கீழே அசையாமல் நிற்கிறது. ஏசி போட்டாலும் அப்படியே. ஆனால் கொட்டாவையில் அதிவேக வீதிக்கு ஏறி 100 இல் பிடித்தால், கால் மணி நேரத்தில் முள் மெல்ல மேலே ஏறத் தொடங்குகிறது. வெலிப்பென்ன வரும்போது முக்காலுக்கு வந்துவிடும். 70 க்குக் குறைத்தால் இறங்கும். திரும்ப மிதித்தால் ஏறும்.

போன மாதம் கண்டிக்குப் போனபோது கடுகண்ணாவ ஏற்றத்தில், பாறையைக் குடைந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே, பொனற்றுக்குள்ளிருந்து புகை. நிறுத்திப் பார்த்தால் புகையில்லை, ஆவி. பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடையில் முக்கால் மணி நேரம் இருந்து ஆறவிட்டு, கடைக்காரர் தந்த இரண்டு போத்தல் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்து சேர்ந்தேன். மனைவி பஸ்ஸில் முன்னால் போய்விட்டாள். அதைப் பற்றி இன்னும் பேசவில்லை.

இதுவரை செய்தவை: முதல் கராஜில் இஞ்சின் தண்ணீரை ஆற்றும் ரேடியேற்றரின் மூடியை மாற்றினார்கள். மாற்றம் இல்லை. பிறகு "இந்த நாட்டுக்கு இது தேவையில்லை" என்று தேர்மோஸ்டாட்டை (இஞ்சின் சூடாகும் வரை ரேடியேற்றருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு) கழற்றிக் கையில் தந்துவிட்டார்கள். அப்போதும் மாற்றம் இல்லை. இரண்டாவது கராஜில் தண்ணீர்ப் பம்ப் என்றார்கள், மாற்றினேன். கழற்றிய பழைய பம்பைப் பார்த்தேன், அதன் இலைகள் முழுசாகத்தான் இருந்தன. மூன்றாவது இடத்தில் ரேடியேற்றர் என்கிறார்கள். எல்லாமாக 70 ஆயிரம் ரூபாய்க்குக் கிட்டப் போய்விட்டது. நான் கணக்காளன். காரணம் எழுதாமல் செலவு மட்டும் எழுதிக்கொண்டு போனால் எனக்கு நித்திரை வராது.

அடுத்து எங்கே பார்க்க வேண்டும்? யாராவது ஒழுங்காகச் சொல்லுங்கள்.


வேகம்77, கொட்டாஞ்சேனை
ஞாயிறு, இரவு 9.41

ஹெட் கேஸ்கட் போய்விட்டது அண்ணா, இஞ்சின் கட்டைக்கும் அதன் மேல் இருக்கும் ஹெட்டுக்கும் இடையில் வைக்கும் அடைப்புத் தகடு. எல்லாப் பழைய காரிலும் இதுதான் கதை. ஹெட்டைத் திறந்தால் அது வளைந்தும் இருக்கும். அந்தக் காசுக்கு வேறு இஞ்சின் இறக்கிவிடலாம்.


மாளிகாவத்தை நானா
ஞாயிறு, இரவு 10.15

வேகம் தம்பி, நோயாளி வாசலில் நிற்கும்போதே கபன் துணி வெட்டக் கூடாது.

ரோட்ஸ்டர் தம்பி, நீங்கள் இரண்டாவது பந்தியிலேயே பாதி விடையை எழுதிவிட்டீர்கள். கார் எப்போது சூடாகிறது என்பதுதான் முதல் கேள்வி. நெரிசலில் சூடாகி ஓடும்போது ஆறினால், காற்று இழுக்கும் ஃபேன் பக்கம் பிழை. ஃபேன் மோட்டர், ரிலே, தேர்மோஸ்டாட் வீட்டில் (அது உட்காரும் உலோகக் கூட்டில்) இருக்கும் ஃபேன் சுவிட்ச், இப்படி ஏதாவது ஒன்று. உங்களுக்கு நேர்மாறு. நெரிசலில் இஞ்சின் சும்மா முனகுகிறது, அது தரும் சூடு கொஞ்சம்தான். அதை அரைவாசி அடைபட்ட ரேடியேற்றரும் ஒரு ஃபேனும் சமாளிக்கும். 100 இல் ஓடும்போது அதே இஞ்சின் பல மடங்கு சூட்டைத் தள்ளுகிறது. ஏற்றத்தில் இன்னும் மோசம், ஏனென்றால் வேகம் குறைவு, மிதி அதிகம். அப்போது காற்று தாராளமாக வர வேண்டும், தண்ணீரும் தாராளமாக ஓட வேண்டும். இரண்டில் ஒன்று நடக்கவில்லை.

ஹெட் கேஸ்கட்டை முதலில் தள்ளி வைப்போம், பயம் போகட்டும். காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். தண்ணீருக்குள்ளிருந்து குமிழ் விடாமல் வந்துகொண்டே இருந்தால் சந்தேகம். ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள், பால் தேத்தண்ணீர் நிறம் இருந்தால் சந்தேகம். நிச்சயமாகத் தெரிய நீலத் திரவ ரெஸ்ட் இருக்கிறது. ரேடியேற்றர் வாயில் ஒரு குழாய் வைத்து உள்ளே இருக்கும் காற்றை நீலத் திரவத்துக்குள் இழுப்பார்கள். சிலிண்டருக்குள் எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிந்தால் நீலம் மஞ்சளாகும். நல்ல கராஜ்களில் செய்வார்கள், பத்து நிமிட வேலை.

தேர்மோஸ்டாட்டைக் கழற்றியவரை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், நானும் இளம் வயதில் நூறு காருக்குக் கழற்றியிருக்கிறேன். ஆனால் உங்கள் கார் கம்பியூட்டர் பெற்றோல் அளக்கும் கார். இஞ்சின் சூடாகவில்லை என்று நினைத்தால் அது பெற்றோலைக் கூடக் கொட்டும். திரும்பப் போடுங்கள்.

இப்போது எனக்குச் சில விபரம் வேண்டும். ரேடியேற்றருக்குள் இருப்பது தண்ணீரோடு கலக்கும் கூலன்ட் மருந்தா, வெறும் தண்ணீரா, என்ன நிறம்? ரேடியேற்றரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி இன்னும் கறுப்பா? ஒருவர் மிதித்து இஞ்சினைச் சுற்ற விடும்போது கீழ் ஹோஸ் உள்ளே சப்பி ஒட்டுகிறதா? முக்கியமாக, காரின் மூக்குக்குக் கீழே, பம்பரிலிருந்து ரேடியேற்றரின் அடி வரைக்கும் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தட்டு வர வேண்டும். அது இருக்கிறதா?


கூரையில்லாதவன்
திங்கள், இரவு 8.05

நானா, நன்றி. இன்றைக்கு அரை நாள் லீவு போட்டேன். அலுவலகத்தில் வயிற்று வலி என்று சொன்னேன், காரின் வயிறு என்று சொல்லவில்லை.

குமிழ் இல்லை. ஒயில் சுத்தம். நீலத் திரவ ரெஸ்ட்டை நாரஹேன்பிட்டியில் ஓர் இடத்தில் செய்தார்கள். நீலம் நீலமாகவே இருந்தது. அந்தக் கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்ற பத்து நிமிடத்தில் பரீட்சை முடிவு பார்த்த ஞாபகம் வந்தது.

கீழ் ஹோஸ் சப்பவில்லை.

மேல் தொட்டி கறுப்பு இல்லை. தேத்தண்ணீர்ச் சாயம் மாதிரி ஒரு பழுப்பு, ஓரங்களில் கொஞ்சம் பச்சை. அது அதன் உண்மையான நிறம் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

உள்ளே இருப்பது வெறும் தண்ணீர், துரு நிறம். இங்கே ஒரு பாவமன்னிப்பு. 2022 இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் இந்தக் கார் நாலு மாதம் கீழ்த்தளத்தில் அசையாமல் நின்றது. கியூஆர் கோட்டாவில் கிடைத்த பெற்றோலை வீட்டு வானுக்கே போட்டோம். அதற்கு முன் எப்போது கூலன்ட் மாற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் யாழ்ப்பாணம் போனபோது இணுவிலில் பெரியப்பா வீட்டில் தண்ணீர் குறைந்திருப்பதைப் பார்த்து, கிணற்றில் அள்ளி ஊற்றினேன். குடிக்க அவ்வளவு ருசியான தண்ணீர், காருக்கு ஆகாதா என்று நினைத்தேன்.

மூக்குக்குக் கீழே தட்டு இல்லை. போல்ற் ஓட்டைகள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. எப்போது, யார் கழற்றினார்கள் என்று தெரியவில்லை. நான் வாங்கும்போதே இல்லாமல் இருந்திருக்கலாம்.


மாளிகாவத்தை நானா
திங்கள், இரவு 9.30

இணுவில் பெரியப்பா வீட்டுக் கேத்தலின் உட்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா தம்பி? வெள்ளைச் சுண்ணாம்பு படிந்திருக்கும். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீரில் அது கரைந்து வரும். கேத்தலுக்குள் படிவதுதான் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். ஒரு தடவை ஊற்றியதால் அடைத்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் துருவோடு சேர்ந்தால் நல்ல சாந்து.

வெறும் தண்ணீருக்கு இன்னொரு குறையும் இருக்கிறது. உங்கள் இஞ்சினின் கட்டை வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். கூலன்டில் கலந்திருக்கும் துருத் தடுப்பு மருந்து இல்லாவிட்டால் இரண்டும் அரிபடும். கூலன்ட் குளிர் நாட்டுக்காரருக்கு என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். கொதிநிலையையும் அது உயர்த்தும். வெறும் தண்ணீர் திறந்த சட்டியில் 100 பாகையில் கொதிக்கும். 0.9 பார் மூடி பூட்டி அழுத்தம் வைத்தால் 118 வரைக்கும் தாங்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் அதற்கு மேலும் சில பாகை. மூடி லீக் என்றால் இந்தக் கணக்கு எல்லாம் போச்சு.

பழுப்புத் தொட்டி, நீங்கள் நினைத்த மாதிரி நிறம் இல்லை, வயது. அது ஒரு நாள் அதிவேக வீதியில் நீளமாக வெடிக்கும். ரேடியேற்றர் எப்படியும் மாற்றத்தான் வேண்டும். மூன்றாவது கராஜ்காரர் சொன்னது முழுப் பிழை இல்லை.

ஆனால் தட்டை முதலில் போடுங்கள். அதைச் சேறு தடுக்கும் பிளாஸ்டிக் என்று நினைத்துத்தான் எல்லோரும் கழற்றி எறிகிறார்கள். உங்கள் கார் காற்றை எடுப்பது பம்பருக்கு நடுவில் இருக்கும் அந்தச் சின்ன வாயால். காற்று சோம்பேறி. வாயால் உள்ளே வந்ததும், கீழே திறந்திருந்தால், ரேடியேற்றரின் நெருக்கமான துடுப்புகளுக்குள் ஏன் நுழையப் போகிறது? கீழால் வழுக்கிப் போய்விடும். போதாததற்கு, காரின் அடியால் போகும் காற்று ரேடியேற்றருக்குப் பின்னாலும் தேங்கி நின்று, உள்ளே வந்த காற்றை வெளியேற விடாது. நெரிசலில் ஃபேன் இழுப்பதால் இந்தக் குறை தெரியாது. வேகத்தில்தான் தெரியும். உங்கள் நோயின் அடையாளம் அப்படியே இது.

அந்தத் தட்டு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்காது, தேடி அலையாதீர்கள். தகர வேலைக்காரர் ஒருவரிடம் அலுமினியத் தகட்டில் வெட்டி வளைத்து வாங்குங்கள். ரேடியேற்றரின் இரண்டு பக்கத்திலும் மேலேயும் இடைவெளி இருந்தால் ஸ்பொஞ்ச் வைத்து அடையுங்கள்.


நுவரெலியாக் குளிர்
செவ்வாய், காலை 6.10

நானா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஒரு சின்ன விஷயம். என்னிடம் மஸ்டா ஃபமிலியா ஒன்று இருக்கிறது, உங்கள் காரின் இஞ்சினும் அதுவும் ஒரே பி வரிசை, அண்ணன் தம்பி. அடுத்த தடவை முள் ஏறும்போது ஹீற்றரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போட்டுப் பாருங்கள். ஹீற்றரும் ஒரு குட்டி ரேடியேற்றர்தான். முள் இறங்குகிறதா, காற்று எவ்வளவு சூடாக வருகிறது என்று எழுதுங்கள்.

இங்கே ஜனவரியில் புல்லில் உறைபனி. ஹீற்றர் வேலை செய்கிறதா என்று எங்களுக்கு மட்டும்தான் தெரியும், கொழும்புக்காரருக்கு அந்தப் பொத்தான் எதற்கென்றே தெரியாது.


கூரையில்லாதவன்
செவ்வாய், இரவு 10.50

குளிர் அண்ணா, நீங்கள் சொன்னதை இன்று மாலையே செய்தேன். கொழும்பில் 31 பாகை, கூரை திறந்திருக்கிறது, நான் ஹீற்றரை முழுதாகப் போட்டுக்கொண்டு கொட்டாவைக்குப் போகிறேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற திரீவீல்காரர் என் வியர்வையைப் பார்த்து "சேர், சுகமில்லையா?" என்று கேட்டார்.

முள் முக்காலுக்கு ஏறியது. ஹீற்றர் வாயில் கை வைத்தேன். வெளிக்காற்றின் சூடுதான். தண்ணீர் கொதிக்கப் பார்க்கிறது, ஹீற்றரில் குளிரும் இல்லை, சூடும் இல்லை.

வீட்டுக்கு வந்து ஆறவிட்டு, ரோர்ச் அடித்து இஞ்சினின் பின்பக்கம், இஞ்சினையும் நாங்கள் இருக்கும் பக்கத்தையும் பிரிக்கும் நெருப்புச் சுவர் ஓரம் பார்த்தேன். ஹெட்டின் முதுகிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் வந்து, ஹீற்றர் குழாய்க்குப் போகாமல் ஒரு சாண் நீளத்தில் வெட்டப்பட்டு நிற்கிறது. அதன் வாயில் ஒரு பெரிய போல்ற்றைச் சொருகி, கிளிப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். திரும்பி வரும் குழாய்க்கும் அதே வைத்தியம், அங்கே போல்ற் சின்னது.

யாரோ ஒரு பழைய உரிமையாளர், ஹீற்றர் லீக் ஆகியிருக்க வேண்டும், "கொழும்பில் எதற்கு ஹீற்றர்" என்று அடைத்துவிட்டார். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இது சூடேறுவதற்குக் காரணமாக இருக்க முடியுமா? அடைத்தது ஹீற்றரைத்தானே?


நுவரெலியாக் குளிர்
புதன், காலை 5.55

முடியும். அதற்காகத்தான் கேட்டேன்.

என் ஃபமிலியாவில் இஞ்சின் குறுக்காக இருக்கிறது. பம்ப் ஒரு முனையால் தண்ணீரைத் தள்ளும், அது நாலு சிலிண்டரையும் தாண்டிப் போய் மறு முனையால் ரேடியேற்றருக்கு வெளியேறும். எல்லாச் சிலிண்டருக்கும் நியாயமான பங்கு. உங்கள் ரோட்ஸ்டரில் அதே இஞ்சினை நீளவாக்கில் திருப்பி வைத்தார்கள். அந்தப் பழைய வெளிவழி நெருப்புச் சுவர் பக்கம் போய்விட்டதால் அதை மூடி, ரேடியேற்றருக்குப் போகும் வழியை முன்னால், பம்ப் இருக்கும் அதே முனைக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது தண்ணீர் முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறப் பார்க்கும். கடைசியில் இருக்கும் நாலாவது சிலிண்டர் பந்தியின் கடைசி ஆள். குழம்பு வரும்போது சட்டி காலி. பந்தயத்துக்கு ஓடுகிறவர்கள் வெளிவழியைத் திரும்பப் பின்னுக்கு மாற்றிக்கொள்வது இதனால்தான்.

வீதியில் ஓட்டுகிற காருக்கு அது தேவையில்லை. ஏனென்றால் ஹீற்றருக்குப் போகும் ஹோஸ் ஹெட்டின் முதுகிலிருந்து புறப்படுகிறது. அது வழியாகக் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் பின்பக்கத்தைக் கழுவிக்கொண்டு போகும். போல்ற் அடித்தவர் அந்த வழியைத்தான் அடைத்தார். ஹீற்றரே வேண்டாம் என்றால்கூட இரண்டு முனையையும் ஒரு ஹோஸால் சேர்த்து வளையமாக விட்டிருக்கலாம், தண்ணீர் ஓடியிருக்கும். அடைப்பது வேறு, வளைப்பது வேறு.

தேர்மோஸ்டாட் மூடியிருக்கும் நேரத்தில், காலையில் ஸ்டார்ட் பண்ணியவுடன், இந்த வழி இன்னும் முக்கியம்.


வேகம்77
புதன், காலை 9.02

சரி சரி, இஞ்சினை மாற்ற வேண்டாம். ஹீற்றர் விஷயம் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். என் ஆல்ட்டோவிலும் அடைத்திருக்கிறார்களோ என்று போய்ப் பார்க்கப் போகிறேன்.


கூரையில்லாதவன்
இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.30

எல்லோருக்கும் முழுக் கணக்கும் தருகிறேன். பதில் எழுதிவிட்டுக் காத்திருந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. ஆகவே ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு தடவையும் அதே பாதையில், அதே வேகத்தில் ஓடிப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். காரின் முள்ளை நம்பவில்லை. வெப்பம் பார்க்க முதலில் அலுவலகத்தில் கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்த துப்பாக்கியைக் கொண்டுவந்தேன். அது 43 பாகைக்கு மேல் எண்ணத் தெரியாத சாமான், இஞ்சினைக் கண்டதும் பீப் என்று கத்திவிட்டு ஒன்றும் காட்டவில்லை. பிறகு மல்ற்றிமீற்றரோடு வந்த வெப்பக் கம்பியை எடுத்தேன். தேர்மோஸ்டாட் வீட்டின் உலோகத்தில் கம்பி முனையை ஒட்டி, வயரைப் பொனற் இடுக்கால் எடுத்து, கண்ணாடிக்கு மேலால் உள்ளே கொண்டுவந்தேன். கூரை இல்லாத காரின் ஒரே வசதி. உலோகத்தின் வெளிப்பக்கச் சூடு உள்ளே இருக்கும் தண்ணீரை விடச் சில பாகை குறைவாகவே காட்டும், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

முதலில் தேர்மோஸ்டாட். பழையதை ஒரு நூலில் கட்டிச் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தேன். 88 பாகையில் மெல்ல வாய் திறந்தது, 100 க்குக் கிட்ட முழுதாகத் திறந்தது. நல்ல தேர்மோஸ்டாட்டைத்தான் கழற்றித் தந்திருக்கிறார்கள். திரும்பப் பூட்டினேன். அது பால் காய்ச்சும் சட்டி என்பது எனக்குத் தெரியாது. புதுச் சட்டி ஒன்றும் இந்தக் கணக்கில் சேர்கிறது.

கொட்டாவையிலிருந்து வெலிப்பென்ன, 100 இல், வேறு எதையும் மாற்றாமல்: 107 பாகை. இதை விட ஏற விடவில்லை, வேகத்தைக் குறைத்துவிட்டேன்.

பிறகு தட்டு. தெஹிவளையில் ஒரு தகரப் பட்டறையில் அலுமினியத் தகட்டில் வெட்டினோம். பாஸ் முதலில் சிரித்தார், பிறகு அவரே காருக்குக் கீழே படுத்துக் கடதாசி மட்டையில் அளவு எடுத்தார். கடைசியில் அவர் செய்த விளிம்பு நான் கேட்டதை விட நன்றாக இருந்தது. 9,500 ரூபாய். ரேடியேற்றர் ஓரங்களுக்கு ஸ்பொஞ்ச் 400 ரூபாய். அதே பாதை, அதே வேகம்: 99. எட்டுப் பாகையை ஒரு தகடு இறக்கியது. 70 ஆயிரத்தால் ஒரு பாகையும் இறங்கவில்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

அடுத்து ஹீற்றர். அதன் கோர், அதாவது உள்ளே இருக்கும் அந்தக் குட்டி ரேடியேற்றர், உண்மையிலேயே ஓட்டைதான், தண்ணீர் விட்டதும் மனைவி பக்கத்துக் கால் மிதியில் சொட்டியது. ஆகவே இப்போதைக்குக் குளிர் அண்ணா சொன்ன மாதிரி வளையமாக ஹோஸ் போட்டுத் தண்ணீரை ஓடவிட்டேன். முன்பக்க அளவு 99 இல் இருந்து 97 க்குத்தான் வந்தது. ஏமாற்றமாக இருந்தது. ஆனால் நான் கம்பியை ஹெட்டின் பின்பக்கத்திலும் ஒட்டிப் பார்த்திருந்தேன். அடைத்திருந்தபோது பின்பக்கம் முன்பக்கத்தை விட 11 பாகை அதிகம். வளையம் போட்ட பிறகு வித்தியாசம் 4. கடுகண்ணாவ ஏற்றத்தில் முள் முழுதாக ஏறும் முன்னரே ஏன் ஆவி வந்தது என்று அப்போதுதான் எனக்கு ஓடி வெளித்தது. முன்னால் 107 என்றால் பின்னால் 118. வெறும் தண்ணீர். நானா எழுதிய அதே 118.

கடைசியாக ரேடியேற்றர். பிறகு வாங்கிய, வெப்பம் அளக்கும் நல்ல துப்பாக்கியால் பழையதன் முகத்தைக் கட்டம் கட்டமாகப் பார்த்தேன். மேலே 88, இடது கீழ் மூலையில் 49. அந்த மூலைக்குத் தண்ணீரே போகவில்லை, அடைப்பு. ஜப்பானிலிருந்து வரவழைக்க ஆறு வாரம் என்றார்கள். நானாவிடம் தனியாகக் கேட்டதில், பஞ்சிகாவத்தைப் பக்கம் ரேடியேற்றர் கட்டும் ஒருவரைக் காட்டினார். செம்புக் கோர், மேலும் கீழும் பித்தளைத் தொட்டி, ஈயம் வைத்துக் கட்டி ஐந்து நாளில் தந்தார். கறுப்புப் பெயின்ற் அடித்தது மட்டும் மெல்லியதாக இருக்க வேண்டும், கனமாக அடித்தால் சூடு போகாது என்று சொல்லிக்கொண்டே அடித்தார்.

கூலன்ட் ஊற்றும்போது ஒரு பாடம். இந்தக் கார் 6 லீற்றர் குடிக்கும். முதல் தடவை மூன்றரையோடு வாய் நிரம்பிவிட்டது. மிச்சம் எல்லாம் உள்ளே அகப்பட்ட காற்று. நானா தொலைபேசியில் சொன்னபடி, காரின் மூக்கை எங்கள் ஒழுங்கை வாசல் ஏற்றத்தில் உயர்த்தி நிறுத்தி, மூடி திறந்தபடி இஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸை மாடு கறப்பது போல விட்டு விட்டுப் பிழிந்தேன். கொட கொட என்று காற்று வந்துகொண்டே இருந்தது. தேர்மோஸ்டாட் திறந்ததும் ஒரே மடக்கில் ஒரு லீற்றருக்கு மேல் இறங்கியது. மேல் வீட்டு அம்மா பல்கனியிலிருந்து முழுவதையும் பார்த்துவிட்டு, "தம்பி, கார் விக்கலோ?" என்று கேட்டார்.

அதே பாதை, அதே வேகம்: 90. திரும்பி வரும்போது ஏசி போட்டும் 91.


இணுவில்காரன்
ஞாயிறு, மாலை 5.48

எங்கள் ஊர்த் தண்ணீரைக் குற்றம் சொல்லிவிட்டீர்கள், சரி. அப்படியென்றால் யாழ்ப்பாணத்தில் கார் வைத்திருப்பவர்கள் கூலன்டோடு என்ன தண்ணீர் கலப்பது?


கூரையில்லாதவன்
ஞாயிறு, மாலை 6.15

பற்றரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர். மூன்று லீற்றர் போதும், பெரிய செலவு இல்லை. அல்லது கலந்தே விற்கும் கூலன்ட், அதற்கு ஒரு சொட்டும் சேர்க்கக் கூடாது. உங்கள் கிணற்றுத் தண்ணீர் தேத்தண்ணீருக்குத்தான், அதில் எனக்கு இன்னும் மாற்றுக் கருத்து இல்லை.


கூரையில்லாதவன்
அடுத்த சனி, இரவு 7.40

இன்று கண்டி. மனைவி வந்தாள், நிபந்தனையோடு: பஸ் காசு அவளுடைய கைப்பையில் தனியாக. மாவனல்லை தாண்டியதும் இரண்டு பேரும் பேசுவதை நிறுத்திவிட்டோம். மூன்றாம் கியர், முன்னால் சீமெந்து ஏற்றிய லொறி ஒன்று, முந்த இடமில்லை. மல்ற்றிமீற்றரை மடியில் வைத்துக்கொண்டு அவள்தான் வாசித்தாள். 92. 94. 95. பாறைக்குக் கிட்ட 96. அங்கேயே நின்றது. மேலே ஏறித் தட்டைப் பாதை வந்ததும் 91.

தேத்தண்ணீர்க் கடையில் நிறுத்தினோம், இந்தத் தடவை தேத்தண்ணீருக்காக. கடைக்காரருக்கு என்னை ஞாபகம் இருக்கிறது. நான் இறங்கும் முன்பே இரண்டு போத்தல் தண்ணீரோடு வந்தார்.

ஹீற்றர் கோர் கிடைத்தால் போட்டுவிட்டு நுவரெலியாவுக்கு வருகிறேன், குளிர் அண்ணா.


மாளிகாவத்தை நானா
சனி, இரவு 8.20

மாஷா அல்லாஹ். புது ஹோஸ் கிளிப்களை ஐந்நூறு கிலோமீற்றர் ஓடியதும் ஒரு தடவை இறுக்குங்கள், ரப்பர் சூட்டில் அமுங்கும், கிளிப் தளரும். நாளைக்குக் காலையில், குளிர்ந்திருக்கும்போது மட்டும், மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருக்கும், மிச்சக் காற்று வெளியேறியிருக்கும். அது லீக் இல்லை, பயப்பட வேண்டாம். இரண்டாவது தடவையும் இறங்கினால் எழுதுங்கள்.